ரயில் பெட்டிக்குச் சூடு பார்ப்பது எப்படி?

என் தம்பி சென்னையில் மெட்ரோ ரயில் பெட்டிகளின் ஏசி பராமரிப்பு வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன கத்திரி வெயிலில் ஊருக்கு வந்திருந்தான். பள்ளத்தூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, என்னடா வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். "பெட்டிக்குள்ள எத்தனை டிகிரி இருக்குன்னு பாக்கணும் அப்பத்தா. கூடக் குறைய இருந்தா சரி பண்ணணும்" என்றான்.

அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரயிலுக்குச் சூடு பாக்குறதுக்காடா இன்ஜினியருக்குப் படிச்சே? அதை நான் கையை வச்சே சொல்லிருவேனே."

எனக்குக் காரைக்குடியில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழில். இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன்: என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அப்பத்தா கட்சிதான். வெப்பநிலை பார்ப்பதில் என்ன இருக்கிறது, மீட்டரை நீட்டினால் எண் வரப்போகிறது என்பார்கள். எண் வரும், அதில் சந்தேகமில்லை. அந்த எண் எதனுடையது என்பதில்தான் எல்லாச் சண்டையும். அன்று தம்பியும் நானும் அப்பத்தாவுக்கு விளக்கப் போய், வீடு முழுக்கத் தெர்மாமீட்டரோடு அலைந்தோம். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கை. மூன்று கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். வலது கையை ஐஸ் தண்ணீரிலும் இடது கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுக் கிண்ணத்தில் விடுங்கள். ஒரே தண்ணீர் வலது கைக்குச் சுடும், இடது கைக்குக் குளிரும். கை சொல்வது தண்ணீரின் வெப்பநிலை இல்லை, தோலிலிருந்து எவ்வளவு வேகமாகச் சூடு போகிறது அல்லது வருகிறது என்பதைத்தான்.

வீட்டில் இதற்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. எங்கள் முகப்பில் ஆத்தங்குடிக் கல், உள்ளே ஊஞ்சலுக்குப் பர்மா தேக்குப் பலகை. மத்தியானம் கல்லில் வெறுங்காலை வைத்தால் ஜில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே நிழலில் பல மணி நேரம் இருப்பவை. இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். சிமெண்ட்டும் மணலும் சேர்ந்த கல் காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. தேக்கு அப்படி இழுப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அப்பத்தா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "கல்லு குளிர்ச்சி, பலகை சூடு, அது அதுக்கு அது அது குணம்" என்று முடித்துவிட்டார். மருத்துவக் குணம் பேசும்போது அவரோடு யாரும் வாதாட முடியாது.

சரி, கையை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டருக்கு வருவோம். நாங்கள் அன்று பகல் இரண்டு மணிக்கு முதலில் அதை வாசலில் வெயிலில் வைத்தோம். 47 என்றது. அப்பத்தா பயந்தே போனார். அதே தெர்மாமீட்டரை முகப்பு நிழலில் ஆணியில் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 38. காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வெயிலில் வைத்தபோது தெர்மாமீட்டரே சூரியனைக் குடித்துச் சூடாகிவிட்டது. அது காட்டிய 47 அதனுடைய சொந்தச் சூடு. வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை வெள்ளை அடித்த, காற்றுப் புகும் மரப்பெட்டிக்குள் வைப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து உள்ளே போனோம். நடு முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் தூணோரம் 34. தரையில் வைத்தால் 32. இரண்டாங்கட்டில் அடுப்படிக்குப் பக்கம் 37. ஒரே வீடு, ஒரே நேரம், நான்கு எண்கள். "அப்ப வீட்டுக்குள்ள எத்தனைதான்டா?" என்று அப்பத்தா கேட்டார். ரயில் பெட்டியைப் பற்றித் தம்பியிடம் மேலதிகாரி கேட்பதும் இதே கேள்விதான்.

இதற்குத் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. காற்றின் வெப்பநிலையைத்தான் பார்க்கிறோம் என்பதால் தெர்மாமீட்டர் சுவரையோ கம்பியையோ தொடக்கூடாது, வெயில் படக்கூடாது. குளிர்காற்று வந்து விழும் துளைக்கு நேர் கீழே பிடித்தால் ஏசியின் எண்தான் வரும், பெட்டியின் எண் வராது. கதவுக்குப் பக்கம் பிடித்தால் பிளாட்பாரத்தின் எண் பாதி கலந்து வரும். கையில் பிடித்திருப்பவரின் மூச்சும் உள்ளங்கைச் சூடும் கூடப் படக்கூடாது. உயரமும் முக்கியம். ஐஎஸ்ஓ 7726 என்ற சர்வதேசத் தரம், நிற்பவர்களுக்குக் கணுக்கால், இடுப்பு, தலை என்று 0.1, 1.1, 1.7 மீட்டர் உயரங்களில் அளக்கச் சொல்கிறது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு 0.1, 0.6, 1.1 மீட்டர். தலைக்கும் கணுக்காலுக்கும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஒத்துக்கொள்ளாது. தலை சூடாகவும் கால் சில்லென்றும் இருப்பதை யாரும் விரும்புவதில்லை.

அப்புறம் பொறுமை. மலிவான தெர்மாமீட்டர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால் சரியான எண்ணுக்கு வர ஐந்து, பத்து நிமிடம்கூட எடுக்கும். பிளாட்பாரத்திலிருந்து உள்ளே வந்த அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு "ஏசி வேலை செய்யலை" என்று எழுதிவிட்டால், அது பிளாட்பாரத்தைப் பற்றிய புகார்.

இதுவரை வீட்டுக்கும் ரயிலுக்கும் ஒரே பாடம்தான். இனிமேல்தான் இரண்டும் பிரிகின்றன.

செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் சூட்டை மெதுவாக நடக்க வைத்தார்கள். கனமான செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, அடுக்கடுக்காக நாட்டு ஓடு, உயரமான கூரை, நடுவில் திறந்த முற்றம். பகல் வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராத்திரிக் காற்று முற்றம் வழியாக அதை எடுத்துக்கொண்டு போய்விடும். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று முறை தெர்மாமீட்டரைப் பார்த்தால் போதும், இடையில் பெரிதாக எதுவும் நடந்துவிடாது.

மெட்ரோ பெட்டி இதற்கு நேர் எதிர். மெல்லிய எவர்சில்வர் அல்லது அலுமினியத் தகட்டு உடம்பு, இரண்டு பக்கமும் கண்ணாடி. சூட்டைத் தேக்கி வைக்க அதற்கு உடம்பே இல்லை. ஏசி நின்றால் சில நிமிடங்களில் உள்ளே புழுங்க ஆரம்பித்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அகலமான கதவுகள் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த நல்ல காற்று கொஞ்சம் வெளியே போய், வெளியே இருந்த சூடும் ஈரமும் உள்ளே வருகின்றன. காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு எண் பத்தரை மணிக்குப் பழைய செய்தி.

கூடவே மனிதர்கள். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறார், பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. கூட்ட நேரத்தில் ஒரு பெட்டியில் 300 பேர் நின்றால் 30 கிலோவாட். நாங்கள் ஏசியை டன் கணக்கில் பேசுவோம். ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும் திறன். (ஒரு டன் ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான சூடு என்ற பழைய கணக்கிலிருந்து வந்த பெயர், எடைக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் கிடையாது, "ஒன்றரை டன் ஏசி மாடி தாங்குமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.) அந்தக் கணக்கில் 300 பேரின் உடல் சூட்டை மட்டும் வெளியே தள்ளவே எட்டரை டன் வேண்டும். வீட்டு ஒன்றரை டன் ஏசி கிட்டத்தட்ட ஆறு. வெயில், வெளிக்காற்று, விளக்கு எல்லாம் இதற்கு மேல்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. பணிமனையில் காலியாக நிற்கும் பெட்டியில் சூடு பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதில் பெரிய பயன் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஏசி ஓடுகிறதா என்று முதல் நாள் ராத்திரி போய்ப் பார்ப்பார்கள். காலி ஹாலில் கம்பளி போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிரும், எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் முகூர்த்தத்துக்கு அறுநூறு பேர் வந்து, ஹோமப் புகைக்காகக் கதவையும் திறந்து வைத்ததும், மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நிற்பார். எனக்கு ஃபோன் வரும். மிஷினில் ஒரு குறையும் இருக்காது. ரயில் பெட்டியை ஓட்டத்தில், ஆள் இருக்கும்போது, கூட்ட நேரத்திலும் காலியான நேரத்திலும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். எண்ணோடு சேர்த்து, அப்போது வெளியே எத்தனை டிகிரி, பெட்டியில் எவ்வளவு கூட்டம், எந்த நிலையம் தாண்டியபோது என்றும் குறித்துக்கொண்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

இனி ஈரம். காரைக்குடியில் 35 டிகிரியை நான் தாங்கிவிடுவேன். சென்னையில் அதே 35 என்னை வாட்டிவிடும். ஏன் என்று ஒரு பழைய முறையில் காட்டலாம். ஒரே மாதிரியான இரண்டு தெர்மாமீட்டர்கள் எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரமான மெல்லிய வேட்டித் துணியைச் சுற்றி, இரண்டுக்கும் விசிறியால் நன்றாக வீசுங்கள். ஈரத்துணி காயக் காயக் குமிழின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், எண் இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழிதான். காய்ந்த தெர்மாமீட்டர் 35 காட்டும்போது ஈரமானது 25 வரை இறங்கினால், காற்றின் ஈரப்பதம் சுமார் 45 சதவீதம். 30-லேயே நின்றுவிட்டால் சுமார் 70 சதவீதம். நம் உடம்பும் ஒரு ஈரத்துணிதான். வேர்வை காய இடம் இல்லாத காற்றில் 35 என்பது வேறு 35.

ஆகவே ஏசிக்கு இரண்டு வேலை: சூட்டை எடுப்பது, ஈரத்தைப் பிழிவது. காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழிந்தெடுக்க ஏறக்குறைய 0.68 யூனிட் (கிலோவாட் மணி) சூட்டை வெளியே தள்ள வேண்டும். தெர்மாமீட்டரில் இது ஒரு கோடுகூட அசையாது, ஆனால் மிஷினுக்கு முழு உழைப்பு. ஏசி பிறந்த கதையே ஈரத்தில்தான் தொடங்குகிறது. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்தில் கோடை ஈரத்தால் காகிதம் ஊதிச் சுருங்கி, வண்ணம் மேல் வண்ணம் பொருந்தாமல் போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த அமைப்பைத்தான் இன்றைய ஏசியின் தொடக்கம் என்கிறார்கள். மனிதர்களுக்குக் குளிரட்டும் என்பதெல்லாம் அப்புறம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே நியூயார்க்கில் 1904-ல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலுக்கு ஏசி ஒழுங்காக வந்தது 1967-ல், ஆர்38 என்ற வகையில் பத்துப் பெட்டிகளில். அதுவரை கூரையில் சுழலும் விசிறிதான். பெட்டி சிறியது, குலுங்கும், கதவு அடிக்கடி திறக்கும், கூட்டமோ கணக்கில்லை: வீட்டுக்குச் சரிப்பட்ட மிஷின் இங்கே சரிப்படவில்லை. நம் ஊரிலும் அப்படியே. 1984-ல் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவில் முதல் ஏசி ரயில் 2010-ல்தான் வந்தது. 2015-ல் தொடங்கிய சென்னைக்கு முதல் நாளிலிருந்தே ஏசி.

எண் சரியில்லை என்று தெரிந்த பிறகு, மிஷினைப் பார்ப்பது எப்படி? இது என் பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஏசிக்குள் போகும் காற்று எத்தனை டிகிரி, குளிர்ந்து வெளியே வரும் காற்று எத்தனை டிகிரி என்று பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். சாதாரணமாக எட்டு முதல் பதினோரு டிகிரி வித்தியாசம் வரும். 26-ல் உள்ளே போன காற்று 16-ல் திரும்பினால் கம்ப்ரசர், கேஸ் எல்லாம் நலம். 26-ல் போனது 23-ல் வந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம், கம்ப்ரசர் களைத்திருக்கலாம், அல்லது கூரைமேல் இருக்கும் வெளிக்காயிலில் (சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள்) தூசி அடைத்துச் சூடு வெளியேற முடியாமல் திணறலாம்.

வித்தியாசம் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஏமாந்த இடம் இது. ஒரு ஜவுளிக்கடையில் வித்தியாசம் 16 டிகிரி வந்தது. அட, என்ன கூலிங் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளே கடைக்காரர் கூப்பிட்டு, கடை புழுங்குகிறது என்றார். ஃபில்டரில் பஞ்சு அடைத்து, காற்று மிகக் குறைவாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் காற்று குளிர்விக்கும் காயிலில் ரொம்ப நேரம் தங்கியதால் ரொம்பக் குளிர்ந்து வந்தது. ஆனால் கடை முழுக்கப் போதும் அளவுக்குக் காற்றே இல்லை. மெட்ரோ பெட்டிகளில் துணி நூலும் தலைமுடியும் காலடித் தூசியும் சேர்ந்து ஃபில்டர் இப்படித்தான் கம்பளி போர்த்திக்கொள்ளும் என்று தம்பி சொன்னான். ஆகவே வெப்பநிலையோடு காற்றின் அளவையும் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் காற்று வரும் துளையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

பல ரயில்களில் ஒரு பெட்டிக்கு இரண்டு ஏசி, கூரையில் முன்னும் பின்னுமாக. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். அப்போது பெட்டியின் ஒரு கோடியில் 24, மறு கோடியில் 29 என்று இருக்கும், நடுவில் நின்று பார்த்தவருக்கு 26 என்று கண்ணியமான ஒரு எண் கிடைக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு இடத்தில் மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு திருட்டு, சென்சாரில். பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று மிஷினுக்குச் சொல்லும் சென்சார்களில் பிளாட்டினம் வகை ஒன்று உண்டு. பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், 25 டிகிரியில் சுமார் 109.7 ஓம் என்று அதன் மின்தடை ஏறும். அதாவது ஒரு ஓமுக்கு இரண்டரை டிகிரிக்குச் சற்று மேல். இரண்டே ஒயரில் இணைத்த சென்சாரின் முனையில் துரு ஏறி ஒரு ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், மிஷின் பெட்டியை உண்மையைவிட இரண்டரை டிகிரி சூடாக நினைத்துக்கொள்ளும். விடாமல் குளிரவைக்கும். பயணிகள் நடுங்குவார்கள், டிரைவர் இருக்கும் அறைத் திரையில் எல்லாம் சரி என்று காட்டும். (நல்ல இணைப்புகளில் மூன்று, நான்கு ஒயர் போடுவது இந்தத் துருவின் கணக்கைக் கழித்துவிடத்தான்.) மிஷின் காட்டும் எண்ணை மிஷினிடமே கேட்டுச் சரிபார்க்க முடியாது என்பதால்தான் கையில் தனித் தெர்மாமீட்டரோடு ஒரு ஆள் போக வேண்டியிருக்கிறது. சூடு பார்க்கவா இன்ஜினியருக்குப் படித்தாய் என்ற அப்பத்தாவின் கேள்விக்கு இதுதான் என் பதில். அவர் கேட்டபோது எனக்கு இது தோன்றவில்லை.

அந்தத் தனித் தெர்மாமீட்டர் மட்டும் சரியா? அதையும் பார்க்கலாம், செலவே இல்லை. ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, நனையக்கூடிய முனையை நடுவில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று காட்டினால் உங்கள் மீட்டர் ஒரு டிகிரி அதிகம் பேசுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மேலே மிதந்தால் இந்தச் சோதனை பொய்த்துவிடும், அதனால் ஐஸ் அடிவரை இருக்கட்டும்.

கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றிக்கும் நேராக நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வகை மீட்டரை மட்டும் காற்றுக்கு நம்பாதீர்கள். அது காற்றைப் பார்ப்பதே இல்லை. எதிரே இருக்கும் பரப்பு விடும் அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கிறது. அதிலும் பளபளக்கும் உலோகம் என்றால் அது கண்ணாடி மாதிரி. எவர்சில்வர் பானையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அதன்மேல் நீட்டிப் பாருங்கள், நாற்பது ஐம்பது என்று ஏதோ உளறும். அதே பானையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின்மேல் நீட்டினால் தொண்ணூறுக்குப் பக்கம் போய்விடும். ரயிலில் கைப்பிடிக் கம்பிக்கு நேராக இதை நீட்டுவது, பானையைப் பார்த்த அதே தப்பு. ஜன்னல் கண்ணாடி எவ்வளவு சுடுகிறது, இருக்கையின் கீழ் ஹீட்டர் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க இது நல்ல கருவி.

ஹீட்டர் என்றதும் அப்பத்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ரயிலைச் சூடு பண்ணுவார்களா? பண்ணுகிறார்கள். நியூயார்க்கில் ஜனவரியில் பனி கொட்டும். பெட்டிகளில் மின்சார ஹீட்டர்கள் ஓடும். அங்கே சூடு பார்ப்பதில் ஒரு வித்தியாசமான சிக்கல் உண்டு. குளிர்காலப் பயணி வீட்டில் இருப்பவர் போல் மெல்லிய சட்டையில் இல்லை. தடித்த கோட்டு, குல்லா, கழுத்துத் துண்டு எல்லாம் மாட்டிக்கொண்டு வருகிறார், இருபது நிமிடத்தில் இறங்கப்போகிறார். வீட்டில் இதமாக இருக்கும் 22 டிகிரி அவருக்குக் கோட்டுக்குள் வேர்க்கும். ஆகவே குளிர்காலத்தில் பெட்டியை வீட்டைவிடக் குறைவான சூட்டில் வைப்பதே சரி. அங்கே ஃபாரன்ஹீட்டில் பேசுவார்கள்: 68 என்றால் நம் 20, 78 என்றால் 25.6. மாற்றத் தெரியாமல் படித்தால் அமெரிக்கர்கள் 78 டிகிரியில் பயணம் செய்வதாகத் தோன்றும். பயணிகள் அனுபவிக்கும் சூழலை ஆய்வாளர்கள் ரயிலில் ஏறி நேரில் பார்த்து மதிப்பிடும் வழக்கம் அங்கே உண்டு. பெட்டியின் வெப்பநிலையும் அதில் ஒரு அம்சம். எல்லாப் பெட்டியையும் பார்க்க முடியாது என்பதால் ஆங்காங்கே சில பெட்டிகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் சோற்றைக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும்.

ஏசி சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்தால் தெரியும். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூடு சுரங்கத்துக்குள் கொட்டப்படுகிறது. ரயில் பிரேக் போடும் சூடும் அங்கேயே. அதனால்தான் நியூயார்க்கில் கோடையில் பெட்டி குளிர்ந்து, பிளாட்பாரம் அடுப்படியாக இருக்கும். லண்டனின் ஆழமான சுரங்கப் பாதைகளில் இந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் களிமண் நூறு வருடமாகக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. தோண்டிய காலத்தில் 14 டிகிரி அளவில் இருந்த மண் இன்று பல இடங்களில் 20-ஐத் தாண்டிவிட்டது. பெட்டியில் ஏசி வைத்தால் அந்தச் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை என்பது அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் தலைவலி. சென்னையின் சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புக் கதவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தவறி விழாமல் காப்பதோடு, நிலையத்தின் குளிர்ச்சி சுரங்கத்துக்குள் ஓடிவிடாமலும் அது பார்த்துக்கொள்கிறது.

எல்லாம் சரியாகப் பார்த்து, எண்ணும் சரியாக வந்த பிறகும் புகார் வரும். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் என்ற ஆராய்ச்சியாளர், ஆட்களை அறைக்குள் உட்காரவைத்து எப்போது இதமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு கணக்கை உருவாக்கினார். காற்றின் சூடு, சுற்றுச்சுவரின் சூடு, காற்றோட்டம், ஈரம், உடுத்திய துணி, செய்யும் வேலை ஆகிய ஆறும் அதில் அடக்கம். அந்த ஆறையும் மிகச் சரியாக வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேர் குறை சொல்வார்கள் என்பது அவர் கணக்கின் முடிவு. ஜப்பானில் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டிருக்கிறார்கள்: ஒரு ரயிலில் சில பெட்டிகளை மட்டும் ஓரிரு டிகிரி சூடாக வைத்து, "குளிர் குறைந்த பெட்டி" என்று வெளியே எழுதிவிடுகிறார்கள். வேண்டியவர் அதில் ஏறிக்கொள்ளலாம். நம்மூரில் அப்படி ஒன்று வந்தால் அப்பத்தாவை நம்பி ஒரு பெட்டி ஓட்டலாம்.

நீங்களே பார்க்க வேண்டுமா? சில நூறு ரூபாய்க்கு வெப்பநிலையும் ஈரமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. பையிலிருந்து வெளியே எடுத்து, கதவிலிருந்து தள்ளி, நெஞ்சு உயரத்தில், மூன்று நிலையம் தாண்டும்வரை வைத்திருங்கள். மொபைல் ஃபோனில் வெப்பநிலை காட்டும் ஆப்களை நம்ப வேண்டாம். அவை இணையத்திலிருந்து ஊரின் வானிலையை எடுத்துக் காட்டும், அல்லது ஃபோன் பேட்டரியின் சூட்டைக் காட்டும். புகார் செய்வதாக இருந்தால் பெட்டி எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். "ரயிலில் ஏசி சரியில்லை" என்று மட்டும் வரும் புகாரை வைத்துக்கொண்டு எந்த ரயிலை நிறுத்துவது என்று தம்பி கேட்கிறான்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக அப்பத்தாவைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போனோம். மறுநாள் மெட்ரோவிலும் ஏற்றினோம். நான் சொன்னபடியே கதவிலிருந்து தள்ளி உட்காரவைத்து, மீட்டரை எடுத்து நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டேன். மூன்று நிலையம் போனது. 25, ஈரப்பதம் 58. அப்பத்தா முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டு, "மார்கழி மாதிரி இருக்கு, குறைக்கச் சொல்லுடா தம்பிகிட்ட" என்றார். அடுத்த நிலையத்தில் படிக்கட்டில் ஓடி வந்து கதவு மூடுவதற்குள் உள்ளே புகுந்த ஒருவர், சட்டையெல்லாம் நனைந்து, கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டே என் மீட்டரைப் பார்த்தார்.

"ஏசி ஓடுதா சார்?"